ஒரே மாத்திரை, வெவ்வேறு உடல்கள்: பார்கின்சன் மருந்துகளும் மரபணு வேறுபாடுகளும்

"காலை 6.00: மாத்திரை. 6.45: விரல்கள் இளகிவிட்டன, சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொண்டேன். 9.15: வலது கையில் நடுக்கம் திரும்பிவிட்டது. 10.00: அடுத்த மாத்திரை." பார்கின்சன் நோயாளிகள் மருத்துவரிடம் காட்டுவதற்காக எழுதிவரும் குறிப்பேடுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதே மருந்தை அதே அளவில் எடுத்துக்கொள்ளும் இன்னொருவருக்குப் பகல் ஒரு மணிவரை நடுக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அவருடைய கழுத்தும் தோளும் அவர் விருப்பமின்றித் தாமாக நெளிகின்றன. வேறு வகை மாத்திரைக்கு மாறிய மூன்றாமவருக்கு அசைவில் பெரிய குறை இல்லை. அவர் இரவெல்லாம் கைப்பேசியில் பணம் வைத்துச் சூதாடுகிறார் என்பதை அவருடைய மனைவிதான் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

நோயின் பெயர் ஒன்று, மருந்தும் ஏறக்குறைய ஒன்று என்னும்போது விளைவு ஏன் இவ்வளவு மாறுகிறது என்று கேட்பவர்களுக்கு, "அவரவர் உடம்பு வாகு" என்பதே நெடுங்காலமாகக் கிடைத்த விடை. உடம்பு வாகு என்பதில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்க்கும் முயற்சி கடந்த முப்பது ஆண்டுகளாகத் தீவிரமாக நடந்துவருகிறது. அதிலிருந்து தெரியவந்திருப்பது சற்று எதிர்பாராதது. மாத்திரையின் அளவைத் தீர்மானிக்க மரபணுச் சோதனை உதவும் என்பதுதான் தொடக்கத்தில் இருந்த நம்பிக்கை. அந்த இடத்தில் மரபணு தரும் தகவல் மெலிந்ததாகவே இருக்கிறது. மாறாக, ஆண்டுகள் கழித்து வெளிப்படும் தீங்குகளிலும், நோயே எந்த வகையைச் சேர்ந்தது என்ற கேள்வியிலும் அது சொல்லும் சேதி கனமாக இருக்கிறது. காரணத்தைப் புரிந்துகொள்ள, விழுங்கிய மாத்திரை மூளைக்குப் போகும் வழியை ஒருமுறை பின்தொடர வேண்டும்.

மாத்திரை போகும் வழி

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. பார்கின்சன் நோயில் அவை படிப்படியாக அழிகின்றன. நோயாளிகளின் மூளையில் டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதை ஓலே ஹார்னிகேவிச் 1960இல் வியன்னாவில் காட்டினார். டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் பயனில்லை. இரத்தத்திலிருந்து மூளைக்குள் எதைவிடலாம், எதைவிடக் கூடாது என்று காவல் காக்கும் தடுப்பை அது கடக்காது. அதன் முன்வடிவமான லெவோடோபா கடக்கும். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டி, வாய்வழியாகவே பெரிய அளவு கொடுக்க முடியும் என்று காட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை அதைவிட வலுவான மாத்திரை இந்த நோய்க்குக் கிடைக்கவில்லை.

லெவோடோபாவுக்கு வழியெங்கும் சுங்கச் சாவடிகள் உண்டு. குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் அதைத் தூக்கிச் செல்லும் கடத்திப் புரதங்கள் உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்களையும் சுமப்பவை. புரதம் மிகுந்த உணவோடு மாத்திரையை விழுங்கினால் மருந்து தாமதமாக வேலை செய்வதும், சில வேளை செய்யாமலே போவதும் இதனால்தான். இரத்தத்தில் இருக்கும்போது டோபா டீகார்பாக்சிலேஸ் என்ற நொதி அதை முன்கூட்டியே டோபமைனாக மாற்றி வீணாக்கும். அதைத் தடுக்கவே எல்லா லெவோடோபா மாத்திரைகளிலும் கார்பிடோபாவோ பென்செராசைடோ சேர்க்கப்படுகிறது. அந்தக் கதவை அடைத்தால் காம்ட் என்ற இன்னொரு நொதி கைவைக்கிறது. இவற்றையெல்லாம் தாண்டி மூளைக்குள் போய் டோபமைனாக மாறிய பிறகு, எம்.ஏ.ஓ.-பி என்ற நொதி அதைச் சிதைக்கக் காத்திருக்கிறது. மிஞ்சியது நரம்பணுவின் ஏற்பிகளில் போய் ஒட்டினால்தான் கை இளகும்.

கடத்தி, நொதி, ஏற்பி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு புரதம். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு. ஒவ்வொரு மரபணுவிலும் ஆளுக்கு ஆள் சிறு எழுத்து வேறுபாடுகள். ஆகவே, வேறுபாடுகளைக் கணக்கெடுத்தால் மருந்தின் விளைவையும் கணித்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

ஒரு எழுத்து, நான்கு மடங்கு

காம்ட் மரபணு 22ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் ஓரிடத்தில் சிலருக்கு 'ஜி' என்ற எழுத்தும், சிலருக்கு 'ஏ' என்ற எழுத்தும் இருக்கும். அந்த ஒற்றை எழுத்தால் நொதியின் 158ஆவது அமினோ அமிலம் வேலினாகவோ மெத்தியோனினாகவோ அமைகிறது. மெத்தியோனின் உள்ள நொதி உடல் வெப்பத்தில் நிலைத்து நிற்பதில்லை, எளிதில் குலைந்துவிடும். இதன் விளைவாக, இரு பெற்றோரிடமிருந்தும் வேலின் வடிவத்தைப் பெற்றவரின் நொதிச் செயல்பாடு, இரு மெத்தியோனின் வடிவங்களைப் பெற்றவருடையதைவிட மூன்று முதல் நான்கு மடங்கு அதிகமாக இருக்கிறது. மக்களிடையே இது அரிதான வேறுபாடும் அன்று. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழக் கால் பங்கினர் ஒரு முனையிலும், கால் பங்கினர் மறுமுனையிலும், மீதிப் பாதிப்பேர் நடுவிலும் நிற்கிறார்கள். கிழக்காசிய மக்களிடம் மெத்தியோனின் வடிவம் குறைவு.

நான்கு மடங்கு வேறுபாடு என்றால் மருந்தில் பெரிய மாற்றம் தெரிய வேண்டும் அல்லவா? காம்ட் நொதியைத் தடுக்கும் என்டகபோன் மாத்திரையை வைத்து இதைச் சோதித்தார்கள். லெவோடோபாவோடு சேர்த்துக் கொடுக்கும்போது அதன் பலனை இன்னும் சிறிது நேரம் நீட்டிப்பதே என்டகபோனின் வேலை. பிரான்சில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் 33 நோயாளிகளுக்கு ஒரு வேளை என்டகபோனும், இன்னொரு வேளை போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். வேகமான நொதி உடையவர்களுக்கு நல்ல அசைவுள்ள நேரம் சராசரியாக 39 நிமிடம் கூடியது. மெதுவான நொதி உடையவர்களுக்கு 9 நிமிடமே கூடியது. தடுப்பதற்கு நிறைய இருப்பவரிடம் தடுப்பு மருந்து நிறையப் பயன் தருகிறது என்பது தர்க்கத்துக்கும் பொருந்துகிறது.

ஆனால் அதே மருந்தை நாள்கணக்கில், வாரக்கணக்கில் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த வேறு ஆய்வுகளில் இப்படிப்பட்ட தெளிவான பிளவு தெரியவில்லை. காம்ட் வடிவத்துக்கும் ஒருவருக்குத் தேவைப்படும் லெவோடோபா அளவுக்கும் உள்ள தொடர்பைத் தேடிய ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இதில் ஒரு பகுதி, ஆய்வு செய்யப்பட்ட முறையின் குறை என்பது என் கருத்து. ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறார் என்பது அவருடைய நொதியை மட்டும் பொறுத்ததன்று. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, உடல் எடை எவ்வளவு, மருத்துவர் தாராளமாக எழுதுபவரா தயங்குபவரா என்பதையெல்லாம் பொறுத்தது. அந்த எண்ணை மரபணுவோடு ஒப்பிடும்போது பாதி நேரம் மருத்துவரின் பழக்கத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறோம்.

இதைவிட எளிய காரணம் ஒன்றும் உண்டு. லெவோடோபா தன் விளைவை ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிடும் மருந்து. பொத்தான் போட முடிகிறதா, நடுக்கம் எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்பதை நோயாளியே பார்த்துச் சொல்லிவிடுவார். என்டகபோனைச் சேர்த்துப் பார்த்து 39 நிமிடம் கூடியதா 9 நிமிடம் கூடியதா என்பதையும் சில வாரக் குறிப்பேடு காட்டிவிடும். விடையை உடலே உடனுக்குடன் சொல்லும் இடத்தில், அதை முன்கூட்டி ஊகிக்கும் சோதனைக்குக் கிடைக்கும் வேலை சொற்பம். மரபணு முன்னறிவிப்புக்கு மதிப்பு வருவது, விளைவு தாமதமாக வரும் இடத்தில். வந்த பிறகு திருத்த முடியாத இடத்தில். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தத் துறையில் எது முக்கியம், எது வெறும் ஆர்வத்துக்குரியது என்பது ஓரளவு துலங்கும்.

திருத்த முடியாத தீங்குக்கு எடுத்துக்காட்டு காம்ட் நொதியைத் தடுக்கும் மருந்துகளிலேயே இருக்கிறது. டோல்கபோன் என்ற மருந்து என்டகபோனைவிட வலுவானது, மூளைக்குள்ளும் நுழையக்கூடியது. அது சந்தைக்கு வந்து சிறிது காலத்திலேயே மூன்று நோயாளிகள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் அதை நிறுத்திவைத்து, 2004இல்தான் கடும் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது; அமெரிக்காவில் கட்டங்கட்டிய எச்சரிக்கையோடு விற்கப்படுகிறது. டோல்கபோனை உடலிலிருந்து கழித்து வெளியேற்றும் முக்கிய நொதி யு.ஜி.டி.1ஏ9, அந்த நொதிக்குரிய மரபணுக் குடும்பத்தின் சில வடிவங்களை உடையவர்களிடம், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி அளவுகள் இரத்தத்தில் கூடுதலாக உயர்ந்ததை ஆய்வுகள் கண்டன. ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரை முன்பே பிரித்தறியும் சோதனை இங்கே உண்மையிலேயே உயிர் காக்கக்கூடியது. ஆயினும் அது நடைமுறைக்கு வரவில்லை. மருந்தைப் பயன்படுத்துபவர்கள் குறைந்துவிட்டார்கள். எடுத்துக்கொள்பவர்களுக்குக் குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்வதே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது.

மற்ற மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்.ஏ.ஓ.-பி மரபணுவின் ஒரு வேறுபாடு குறித்துப் பல ஆய்வுகள் வந்தும் உருப்படியான முடிவு கிடைக்கவில்லை. எம்.ஏ.ஓ.-பி நொதியைத் தடுக்கும் ரசாகிலினும், டோபமைனைப் போல நடிக்கும் ரோபினிரோலும் கல்லீரலில் சிப்1ஏ2 என்ற நொதியால் சிதைக்கப்படுகின்றன. அந்த நொதிக்கும் மரபணு வேறுபாடுகள் உண்டு என்றாலும், புகைபிடிப்பது அதை முடுக்கிவிடுகிறது, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அதை முடக்கிவிடுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் எடுக்கும் நாட்களில் ரசாகிலினின் வழக்கமான 1 மில்லிகிராமை 0.5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் குறைக்க வேண்டும் என்பது மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆக, மரபணுவைக் கேட்பதற்கு முன் "புகைபிடிப்பீர்களா, வேறென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்" என்று கேட்பது இங்கே பலன் தரும். ரோபினிரோலின் வகையைச் சேர்ந்த பிரமிபெக்சோலோ பெரும்பாலும் உருமாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். அதற்குச் சிறுநீரகத்தின் நிலைதான் கணக்கு.

ஒட்டும் இடமும் ஒட்டிய பின் வருவதும்

பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை டோபமைனாக மாறுவதில்லை. டோபமைனைப் போலவே நடித்து ஏற்பிகளில் நேரடியாக ஒட்டுகின்றன. ஏற்பிகளில் ஐந்து வகை உண்டு. அசைவோடு தொடர்புடையவற்றில் முதன்மையானது இரண்டாம் வகை; பிரமிபெக்சோல் கூடுதலாக நாடுவதோ மூன்றாம் வகையை. மரபணு வேறுபாட்டைப் பொறுத்து மூன்றாம் வகை ஏற்பியின் ஒன்பதாவது அமினோ அமிலம் செரினாக இருக்கலாம், கிளைசினாக இருக்கலாம். இரு செரின் வடிவங்களையும் உடையவர்களிடம் பிரமிபெக்சோல் கூடுதலாகப் பலித்ததாக 2009இல் 30 சீன நோயாளிகளிடம் செய்த ஆய்வு சொன்னது. முப்பது பேர் என்பது ஒரு குறிப்பைத் தரும் எண். மருந்துச் சீட்டை மாற்றுவதற்கு அது போதாது.

இந்த வகை மருந்துகளில் கவலைக்குரியது பலன் அன்று, மூன்றாவது குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதியிருந்ததுதான். சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, அடங்காத பாலுணர்வு, வெறித்தனமாக உண்பது என்று உந்துதலை அடக்க முடியாத நடத்தைகள் இந்த மருந்துகளால் தூண்டப்படுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மருந்து எடுப்பவர்களில் 17.1 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 6.9 விழுக்காட்டினருக்கும் இப்படிப்பட்ட சிக்கல் இருந்தது. அதாவது பெரும்பான்மையோர் பாதிக்கப்படுவதில்லை. பாதிக்கப்படும் சிலர் யார் என்பதை மருந்து தொடங்கும் நாளில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. விளைவு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தாமதமாக வரும். நோயாளி தாமாக வெளியே சொல்வதும் அரிது. தெரியவரும்போது சேமிப்பும் குடும்பமும் குலைந்திருக்கலாம். மேலே சொன்ன அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

புதிதாக நோய் கண்டறியப்பட்ட 276 பேரைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, இந்த நடத்தைகள் ஏற்படுவதில் மரபின் பங்கு ஏறத்தாழ 57 விழுக்காடு என மதிப்பிட்டது. வயது, பாலினம், எடுக்கும் மருந்து ஆகியவற்றை மட்டும் வைத்துக் கணித்தபோது கணிப்பின் துல்லியம் 65 ஆக இருந்தது. பதின்மூன்று மரபணு வேறுபாடுகளைச் சேர்த்தபோது 76 ஆக உயர்ந்தது. இந்த அளவையில் 50 என்பது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம், 100 என்பது தவறாத கணிப்பு. 76 என்பது ஒருவருக்கு மருந்தை மறுக்கப் போதுமான எண் இல்லை. ஆனால் யாரிடம் அடிக்கடி விசாரிக்க வேண்டும், யாருடைய வீட்டாரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும் என்று முடிவெடுக்க அது உதவக்கூடும். வேறு நோயாளிக் கூட்டங்களிலும் இதே அளவு துல்லியம் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தே இதன் எதிர்காலம் அமையும்.

இரண்டாவது குறிப்பேட்டில் இருந்த தாமாக நெளியும் அசைவுக்கு டிஸ்கைனீசியா என்று பெயர். லெவோடோபாவைச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர்களில் கணிசமானோருக்கு இது வருகிறது. இரண்டாம் வகை ஏற்பி, டோபமைன் கடத்தி, நரம்பு வளர்ச்சிப் புரதம் ஒன்று எனப் பல மரபணுக்கள் இதற்காகத் தேடப்பட்டன. ஒரு நாட்டில் கிடைத்த தொடர்பு இன்னொரு நாட்டில் கிடைக்காமல் போனது. எதைத் தவறாக நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதை வேறொரு ஒப்பீடு காட்டியது. கானாவில் மருந்து கிடைப்பது அரிது என்பதால் நோயாளிகள் லெவோடோபாவை வெகு தாமதமாகத் தொடங்குகிறார்கள். இத்தாலியில் விரைவில் தொடங்குகிறார்கள். இரு நாட்டினரையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வில், நோய் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் டிஸ்கைனீசியா இரு நாட்டிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் வந்தது. எத்தனை ஆண்டுகள் மருந்து எடுத்தார் என்பதைவிட நோய்க்கு எத்தனை வயது, உடல் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்பவையே தீர்மானித்தன. மருந்தைத் தள்ளிப்போட்டால் டிஸ்கைனீசியாவைத் தள்ளிப்போடலாம் என்று எண்ணி, கை விறைப்போடு ஆண்டுகளைக் கழிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது வீண் துன்பம்.

நோயின் மரபணு, மருந்தின் மரபணு

இதுவரை பார்த்தவை மருந்தைக் கையாளும் மரபணுக்கள். நோயையே உண்டாக்கும் அல்லது அதற்கு வழிவிடும் மரபணுக்கள் வேறு. மருத்துவத்தை மாற்றும் வலிமை இவற்றுக்குத்தான் கூடுதல்.

1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த பார்கின் என்ற மரபணுவின் இரு பிரதிகளும் பழுதுபட்டவர்களுக்கு, பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பே நோய் தொடங்குகிறது. நோய் மெதுவாக நகர்கிறது. மறதி நோய் அரிது. லெவோடோபா மிகச் சிறிய அளவிலேயே அருமையாகப் பலிக்கிறது. அதே வேகத்தில் டிஸ்கைனீசியாவும் சீக்கிரமே வந்துவிடுகிறது. இளம் வயதில் காலில் இழுப்போடு வருபவரிடம் இந்தச் சோதனை நேராக மருந்துச் சீட்டைத் தொடுகிறது: குறைந்த அளவோடு நிறுத்து, அவசரப்பட்டுக் கூட்டாதே என்று அது சொல்கிறது.

எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணுவின் ஜி2019எஸ் என்ற மாற்றம் அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பான ஒரு நொதியை உண்டாக்குகிறது. உலகளவில் பார்கின்சன் நோயாளிகளில் சில விழுக்காட்டினரிடமே இது காணப்படுகிறது. ஆனால் வட ஆப்பிரிக்க அரபு, பெர்பர் நோயாளிகளில் மூன்றிலொரு பங்குக்கும் மேலானவர்களிடம் இருப்பதாக ஆய்வுகள் கண்டன. இவர்களுக்கு லெவோடோபா நன்றாகவே பலிக்கிறது. அதனால் இன்றைய மாத்திரைகளில் மாற்றம் எதுவும் தேவைப்படாது. நொதியின் மிகைச் சுறுசுறுப்பையே அடக்கும் மருந்துகள் ஆய்வில் இருப்பதுதான் இந்த மரபணுவின் மேல் இவ்வளவு கவனம் இருப்பதற்குக் காரணம்.

மூன்றாவதான ஜி.பி.ஏ.1 மரபணுவின் கதை நீண்டது. இதன் இரு பிரதிகளும் பழுதானால் கோஷர் நோய் என்ற அரிய சேமிப்பு நோய் வரும்: செல்லின் கழிவுப் பையில் ஒருவகைக் கொழுப்பு சிதைக்கப்படாமல் தேங்கிவிடும். கோஷர் நோயாளிகளுக்கும், ஒரே ஒரு பழுதுப் பிரதியைச் சுமக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் பார்கின்சன் அடிக்கடி வருவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 2009இல் பல நாடுகளின் தரவைத் திரட்டிய ஆய்வு, பார்கின்சன் நோயாளிகளிடம் இந்த மாற்றங்கள் இருப்பதற்கான விகிதம் மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம் என்று உறுதிசெய்தது. இன்று, நோயாளிகளில் 5 முதல் 15 விழுக்காட்டினர் இதைச் சுமப்பதாக மதிப்பிடப்படுகிறது. (சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் பார்கின்சன் வருவதேயில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) இவர்களுக்கும் லெவோடோபா பலிக்கிறது. ஆனால் நோய் சற்று முன்னதாகத் தொடங்குகிறது, நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் வேகமாகத் தேய்கின்றன.

இது மருத்துவ முடிவைத் தொடும் இடம் மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை. மாத்திரைகள் சீராக வேலை செய்யாத நிலையில் செய்யப்படும் இந்தச் சிகிச்சை ஜி.பி.ஏ.1 மாற்றம் உடையவர்களுக்கும் அசைவைச் சீராக்குகிறது. எனினும், அவர்களில் மூளையின் சப்தலமிக் கரு என்ற இடத்தில் மின்முனை பொருத்திக்கொண்டவர்களிடம் சிந்தனைத் திறன் வேகமாகக் குறைவதை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. மண்டை ஓட்டில் துளையிட்டுச் செய்யும் ஒரு சிகிச்சையை மாத்திரையைப் போல ஒரு வாரம் எடுத்துப் பார்த்துவிட்டு விட முடியாது. பார்கின் மாற்றமோ எல்.ஆர்.ஆர்.கே.2 மாற்றமோ உள்ளவர்களுக்கு இதே சிகிச்சை பொதுவாக நல்ல பலன் தருகிறது. ஆகவே அறுவைக்கு முன் மரபணுவைத் தெரிந்துகொள்வது சிகிச்சையை மறுப்பதற்காக அன்று, நோயாளியும் குடும்பமும் எதை எதிர்பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வதற்காக.

ஜி.பி.ஏ.1 பழுதைக் குறிவைத்த முதல் பெரிய மருந்து முயற்சி ஒரு பாடமாகவே அமைந்தது. தேங்கும் கொழுப்பின் உற்பத்தியைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற எளிய கணக்கோடு வெங்லுஸ்டாட் என்ற மருந்தை இந்த மாற்றம் உடைய 221 நோயாளிகளிடம் சோதித்தார்கள். கொழுப்பு குறைந்தது. நோய் குறையவில்லை, மருந்து எடுத்தவர்களின் நிலை போலி மருந்து எடுத்தவர்களைவிடச் சற்று மோசமாகவே போனது. முழு முடிவுகள் 2023இல் வெளியாயின. சளியை இளக்கப் பல நாடுகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் அம்பிராக்சால் என்ற மருந்து வேறு வழியில் போகிறது: அது பழுதான நொதியைத் தாங்கிப்பிடித்து, கழிவுப் பைக்குள் கொண்டுசேர்க்க உதவுகிறது. 2020இல் வெளியான 17 பேர் கொண்ட சிறு ஆய்வில், உயர்ந்த அளவில் கொடுத்தபோது மருந்து மூளைத் தண்டுவட நீரை எட்டியது, நொதிப் புரதத்தின் அளவும் அங்கே உயர்ந்தது. போலி மருந்துக் குழு இல்லாத ஆய்வு என்பதால் நோயாளிகள் தேறினார்களா என்பதை அதிலிருந்து சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்காகவே 330 பேரைச் சேர்க்கும் திட்டத்துடன் பிரிட்டனில் மூன்றாம் கட்ட ஆய்வு அமைக்கப்பட்டது.

யாருடைய மரபணு?

பார்கின்சன் மரபணு ஆய்வுகளின் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தது. 2019இல் நோய் அபாயத்தோடு தொடர்புடைய 90 மரபணுச் சமிக்ஞைகளை அடையாளம் கண்ட மாபெரும் ஆய்வும் அப்படித்தான். சீன மக்களிடம் ஜி2019எஸ் மிக அரிது. அதே மரபணுவின் வேறிரு மாற்றங்கள் அங்கே அபாயத்தைக் கூட்டுகின்றன. 2023இல் நைஜீரியர்கள் உள்ளிட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் செய்த ஆய்வு இன்னும் கூர்மையான செய்தியைத் தந்தது. அவர்களிடம் ஜி.பி.ஏ.1 மரபணுவிலேயே பரவலான ஓர் அபாய மாற்றம் இருக்கிறது. ஆனால் அது புரதத்தின் வரைபடம் எழுதப்பட்ட பகுதியில் இல்லை, இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. புரதப் பகுதியை மட்டும் படிக்கும் சோதனை அதைக் கண்டுகொள்ளாமலே "மாற்றம் எதுவும் இல்லை" என்று அறிக்கை தந்திருக்கும். மருந்து ஆய்வில் யாரைச் சேர்ப்பது என்று அந்த அறிக்கைதான் தீர்மானிக்கும் என்பதால், இது வெறும் கல்விக் குறையன்று.

நோயாளியின் மரபணுவே இல்லாத ஒன்றும் இந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறது. குடலில் வாழும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா லெவோடோபாவை டோபமைனாக மாற்றிவிடுகிறது. நம் நொதியைத் தடுக்கும் கார்பிடோபா அதன் நொதியைத் தடுப்பதில்லை. அந்த டோபமைனை எகர்தெல்லா லெண்டா என்ற இன்னொரு பாக்டீரியா மேலும் சிதைக்கிறது. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, இரண்டாவது பாக்டீரியாவின் சில திரிபுகளால் மட்டுமே அப்படிச் சிதைக்க முடியும். நொதியின் 506ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருந்தால் சிதைக்கும், செரின் இருந்தால் சிதைக்காது. காம்ட் நொதியில் பார்த்தது போலவே இங்கும் ஒற்றை எழுத்துதான். எழுதப்பட்டிருப்பது மட்டும் வேறோர் உயிரின் ஏட்டில். நோயாளியின் எச்சிலையோ இரத்தத்தையோ சோதிப்பவர் இதைப் பார்க்கப்போவதில்லை.

இன்றைய நடைமுறை இந்த நிலவரத்தைத்தான் பிரதிபலிக்கிறது. லெவோடோபாவையோ அதன் துணை மருந்துகளையோ தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்தாக வேண்டும் என்று வழக்கமான மருத்துவத்தில் யாரும் வலியுறுத்துவதில்லை. மன அழுத்தத்துக்காகச் சேர்க்கப்படும் சில மாத்திரைகளுக்குத்தான் கல்லீரல் நொதி மரபணுக்களை ஒட்டிய அளவு வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. நோய் மரபணுக்களுக்கான சோதனை பரவிவருகிறது. அமெரிக்காவில் பார்கின்சன் அறக்கட்டளை 2019இல் தொடங்கிய திட்டத்தில், முதலில் சோதிக்கப்பட்ட 3,500க்கும் மேற்பட்டவர்களில் 13 விழுக்காட்டினரிடம் நோயோடு தொடர்புடைய மாற்றம் காணப்பட்டது. இந்தச் சோதனைக்கு இரத்தம் கொடுக்குமுன் மரபணு ஆலோசகரோடு பேசச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பார்கின் மாற்றம் தெரியவந்தால், நோயாளியின் உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் அதே நிலை இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. எல்.ஆர்.ஆர்.கே.2 என்றால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதைப் பெற இரண்டில் ஒரு வாய்ப்பு. பெற்றவர்களிலும் பலருக்கு நோய் வராமலே போகலாம். "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று அறிக்கை வந்தாலோ, அதை வைத்து எந்த மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது, காலை 6.00 மணி மாத்திரை எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்ற குறிப்பை எழுதிக்கொண்டே வர வேண்டியதுதான்.